36 கிலோ

ஊர் பெயரைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் உடனே கேட்பார்கள்: "எந்தப் புதுக்கோட்டை?" நான் இருப்பது நாகமலை புதுக்கோட்டை. மதுரையிலிருந்து தேனிக்குப் போகும் சாலையில், மலையடிவாரத்தில் இருக்கிறது. மாவட்டத் தலைநகரான புதுக்கோட்டை வேறு. அந்த இன்னொரு புதுக்கோட்டை இந்தக் கட்டுரையில் பிறகு வரும்.

இருபது ஆண்டுகளாக ஸ்கூட்டி ஓட்டுகிறேன். கல்லூரிக்கு, காய்கறிக்கு, அம்மாவின் மருத்துவமனைக்கு, மகளின் டியூஷனுக்கு. கணக்குப் பார்த்தால் உலகத்தையே ஒரு சுற்றுச் சுற்றியிருப்பேன். ஆனால் ஒரு பயணம்கூட எனக்காகப் போனதில்லை. மகள் படிக்க வெளியூர் போன பிறகுதான் அது உறைத்தது. வீட்டு வாசலில் நின்றால் தேனிச் சாலையின் இரைச்சல் கேட்கும். அந்தச் சாலையிலேயே போய், உசிலம்பட்டி, ஆண்டிபட்டிக் கணவாய், தேனி, போடி தாண்டி, 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி போடிமெட்டில் நிற்க வேண்டும் என்று ஆசை வந்தது. தனியாக.

அந்தச் சாலையில் அரசுப் பேருந்து ஒன்று முந்திப் போனால் ஸ்கூட்டி ஒரு முழம் விலகி ஆடும். அதனால் 44 வயதில் கியர் வண்டிக்கு உரிமம் எடுத்தேன். பிறகு எந்த வண்டி என்ற கேள்வி வந்தது.

இரண்டு வண்டிகள் மனதில் நின்றன. ஒன்று ராயல் என்ஃபீல்டின் ஹிமாலயன் 450. பெட்ரோலோடு 196 கிலோ, 40 குதிரைத்திறன், இருக்கை உயரம் 825 மில்லிமீட்டர். மற்றது டிவிஎஸ் ரோனின். 160 கிலோ, ஏறக்குறைய 20 குதிரைத்திறன், 795 மில்லிமீட்டர். என் உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம். எடையில் வித்தியாசம் 36 கிலோ.

அண்ணனிடம் சொன்னேன். "உனக்கு எதுக்கும்மா இம்புட்டு வெயிட்டு வண்டி? பேசாம புது ஸ்கூட்டி ஒண்ணு எடுத்துக்க" என்றான். துறைத்தோழி நேர்மாறாகச் சொன்னார்: "எடுத்தா பெருசையே எடுங்க. அவங்க வாயை அடைக்கணும்." எனக்கு இரண்டாவதுதான் பெண்ணியமாகப் பட்டது. எங்கே போகப் போகிறாய் என்று மட்டும் இருவருமே கேட்கவில்லை.

பெண்ணுக்கான வண்டி என்றால் சிறியது என்பது அண்ணனின் கண்டுபிடிப்பு அல்ல. 2018இல் தமிழக அரசு, பணிபுரியும் பெண்களுக்கு இருசக்கர வாகனம் வாங்க 25,000 ரூபாய் வரை மானியம் தந்தது. வண்டி 125 சிசிக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. அந்த மானியத்தில் வண்டி வாங்கி, பேருந்துக்குக் காத்திருக்காமல் வேலைக்குப் போன பெண்களை எனக்குத் தெரியும். அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த விதியில் தெரிந்த பெண் வீட்டிலிருந்து வேலைக்கும் வேலையிலிருந்து வீட்டுக்கும் மட்டுமே போகிறவள்.

எடை என்றால் எனக்கு நினைவுக்கு வருவது சமையல் எரிவாயு சிலிண்டர். வாயு மட்டும் 14.2 கிலோ; இரும்பையும் சேர்த்தால் 30 கிலோவை நெருங்கும். திருமணமான நாளிலிருந்து அதை உருட்டியும் தூக்கியும் அடுப்படிக்குக் கொண்டுபோய்க்கொண்டிருக்கிறேன். "உனக்கு எதுக்கு இம்புட்டு வெயிட்டு" என்று ஒருவரும் கேட்டதில்லை. கீழக்குயில்குடிப் பக்கம் புல்லுக்கட்டைத் தலையில் வைத்துத் திரும்பும் பெண்களிடமும் கேட்பதில்லை. நாம் சுமக்கும் எடை யார் கண்ணையும் உறுத்துவதில்லை. நம்மைச் சுமந்துகொண்டு போகும் எடைதான் உறுத்துகிறது.

என் பழைய மாணவி ஒருத்தி ஹிமாலயன் வைத்திருக்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கொண்டுவந்தாள். நாற்கரச் சாலையில் ஓட்டினேன். பேருந்து முந்தியபோது வண்டி அசையவில்லை. அந்த நிதானத்தை என் உடம்பு இன்னும் மறக்கவில்லை. திரும்பி வரும்போது மண் தரையில் மெதுவாகத் திருப்பினேன். இடது கால் ஊன்றிய இடம் பள்ளம். வண்டி சாய்ந்தது, பிடித்து நிறுத்த முடியவில்லை.

"பதறாதீங்கம்மா. முதுகை சீட்டுல கொடுத்து உட்காருங்க" என்று சொல்லிக்கொடுத்தாள். வண்டிக்கு முதுகைக் காட்டிக் குந்தி, ஒரு கையால் ஹேண்டில்பாரின் நுனியையும் மறு கையால் பின்பக்கக் கம்பியையும் பிடித்து, முதுகை வளைக்காமல் காலால் தள்ளி, சின்னச் சின்ன அடியாகப் பின்னோக்கி நடக்க வேண்டும். மூன்றாவது முயற்சியில் வண்டி நிமிர்ந்தது. நான் அழுதேன் என்று அவள் சொல்கிறாள். வியர்வை என்று நான் சொல்கிறேன்.

பெருசையே எடுப்பது என்று அந்த நிமிடமே முடிவு செய்தேன். அந்த முடிவு வீட்டு வாசல் வரைதான் நிலைத்தது.

எங்கள் தெரு குறுகல். வாசல் சாய்தளம் செங்குத்து. ஹிமாலயனை உள்ளே ஏற்றிவிட்டேன்; பின்னோக்கி இறக்க முடியவில்லை. நுனிக்காலில் நின்று 196 கிலோவைச் சரிவில் பிடிக்க வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டுப் பையன்கள் இருவர் ஓடிவந்து இறக்கினார்கள். நல்ல பிள்ளைகள். போகும்போது ஒருவன் சொன்னான்: "எப்ப எடுக்கணும்னாலும் கூப்பிடுங்க அத்தை."

அன்பான சொல்தான். ஆனால் விடியற்காலை நாலரைக்குக் கிளம்ப நினைத்தால் யாரையாவது எழுப்ப வேண்டும். எழுப்பினால் "எங்க போறீங்க அத்தை?" வரும். இத்தனை ஆண்டுகளாக நான் கடந்துவர நினைத்த கேள்வி அது.

ரோனினை எடுத்தேன். எடுத்த பிறகும் ஒரு வாரம் மனசு குத்தியது. அண்ணன் ஜெயித்துவிட்டானோ?

அப்போது ஆன்-ஃபிரான்ஸ் டோத்வில் நினைவுக்கு வந்தார். பிரெஞ்சுப் பெண். 1972இல் பாரிஸிலிருந்து ஈரானின் இஸ்ஃபஹானுக்குப் போன ஒரு குழுவோடு மோட்டோ குஸ்ஸி 750 என்ற கனமான வண்டியில் போனார். முழுத் தூரமும் அவரே ஓட்டினார் என்பதைச் சிலர் நம்ப மறுத்தார்கள். 1973இல் மீண்டும் கிளம்பினார், இம்முறை தனியாக. இன்னும் பெரிய வண்டியோடு அல்ல. கவாஸாகி 125 ஒன்றோடு. உலகைச் சுற்றி ஏறக்குறைய 20,000 கிலோமீட்டர்.

இனி அந்த இன்னொரு புதுக்கோட்டை. 1990களின் தொடக்கத்தில் அங்கே அறிவொளி இயக்கம் பரவியபோது கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றார்கள். பெண்களுக்கான சைக்கிள் போதுமான அளவு கிடைக்கவில்லை. குறுக்குக் கம்பி வைத்த ஆண்கள் சைக்கிளை எடுத்தார்கள். பிறகு பலருக்கு அதுவே பிடித்துப்போனது. காரணம், அந்தக் கம்பியில் குழந்தையை உட்காரவைக்கலாம்.

புதுக்கோட்டைப் பெண்கள் "ஆண்கள் வண்டி"யை எடுத்ததும் டோத்வில் சின்ன வண்டியை எடுத்ததும் ஒரே செயலாகத்தான் எனக்குத் தெரிகிறது. யார் வாயை அடைக்கவும் அவர்கள் வண்டி எடுக்கவில்லை. எங்கே போக வேண்டும், யாரை ஏற்ற வேண்டும், விழுந்தால் யார் தூக்குவது என்று பார்த்து எடுத்தார்கள்.

ரோனினில் இழப்பு இல்லாமல் இல்லை. போடிமெட்டு ஏற்றத்தில் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டபோது இன்னும் கொஞ்சம் இழுவை இருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆண்டிபட்டிக் கணவாயில் எதிர்காற்று தோளை வலிக்கவைத்தது. ஆனால் அன்று நாலரைக்கு வண்டியை நானே இறக்கினேன். தெரு தூங்கிக்கொண்டிருந்தது.

மாணவிகள் இப்போது என்னிடம் கேட்கிறார்கள், எந்த வண்டி எடுக்கலாம் என்று. கம்பெனி பெயர் சொல்வதில்லை. வாங்கும் முன் அந்த வண்டியைத் தரையில் சாய்த்துத் தூக்கிப் பார், பிறகு உன் வீட்டு வாசலிலிருந்து நீயே வெளியே எடுத்துப் பார் என்கிறேன். ஹிமாலயன் வைத்திருக்கும் என் மாணவி என்னைவிட ஒரு சாண் உயரம். அவள் வீட்டு வாசல் சமதளம். அவளுக்கு அதுதான் சரியான வண்டி.