குண்டலிகா நதிக்கரையில் ஓர் இரவு

ஆற்றங்கரை ஊர்களில் பிறந்து, பிழைப்பை நாடி மும்பைக்கு வந்து சேர்ந்தவர்கள் நம்மில் பலர். காவிரி, வைகை, தாமிரபரணி என்னும் பெயர்கள் இன்றும் நம் இல்லங்களில் அன்போடு பேசப்படுகின்றன. ஆனால் இங்கேயே பிறந்து வளரும் நம் குழந்தைகள் அறிந்த ஆறு எது? தாராவியை ஒட்டிச் செல்லும் மித்தி, பெயரளவில் ஆறாக இருந்து, உண்மையில் சாக்கடையாக மாறிவிட்டது. 2005-ஆம் ஆண்டு ஜூலை 26-ஆம் நாள் சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தபோதுதான், தானும் ஓர் ஆறே என்பதை அது நகரத்தாருக்கு நினைவூட்டியது. மற்றபடி, ஆடி மாதத்தில் கிங்ஸ் சர்க்கிள் சாலையில் முழங்காலளவு தேங்கும் மழைநீரே நம் பிள்ளைகள் கண்ட பெருவெள்ளம்!

இக்குறையைச் சிறிதேனும் போக்கலாம் என்று எண்ணி, ஒரு டிசம்பர் விடுமுறையில் கிங்ஸ் சர்க்கிள், தாராவி, செம்பூர் ஆகிய இடங்களைச் சேர்ந்த ஆறு குடும்பத்தினர் ஒன்றுகூடி, குண்டலிகா நதிக்கரையில் கூடாரம் அடித்து ஓர் இரவு தங்கி வந்தோம். அப்பயணத்தில் கண்டதையும் கற்றதையும் அன்பர்களோடு பகிர்ந்துகொள்ளவே இதனை எழுதுகிறேன்.

காட்டில் கூடாரமிட்டுத் தங்குவது மேனாட்டார் வழக்கம் என்று சிலர் கருதுகின்றனர். அது சரியன்று. ஆடிப்பெருக்கன்று சித்திரான்னங்களைக் கட்டிக்கொண்டு போய்க் காவிரிக் கரையில் அமர்ந்து உண்பதைத் தஞ்சை, திருச்சிப் பகுதியினர் நன்கறிவர். நெல்லைச் சீமையினருக்கோ, பாபநாசம் மலையில் காரையாற்றுப் பகுதியில் தாமிரபரணிக் கரையிலே உள்ள சொரிமுத்து அய்யனார் கோயில் நினைவுக்கு வரும். ஆடி அமாவாசையை ஒட்டிக் குடும்பம் குடும்பமாகச் சென்று, ஆற்றோரக் காட்டிலே குடில் கட்டி, அடுப்பு மூட்டி, பொங்கலிட்டுத் தங்குவது அங்கே நெடுங்கால வழக்கம். அவ்விடம் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தினுள் அடங்கியிருப்பதால், தங்கும் நாட்களுக்கு வனத்துறையினர் இப்போது வரம்பு விதிக்கின்றனர். எங்கள் குழுவில் இருந்த தாராவி அண்ணாச்சி இளம் வயதில் பலமுறை அங்கே குடில் கட்டித் தங்கியவர். ஆதலால் அவரையே எங்கள் பயணத்துக்குத் தலைவராக்கினோம்.

கிங்ஸ் சர்க்கிளிலிருந்து சயான், செம்பூர் வழியே வாஷிப் பாலத்தைக் கடந்து, பன்வேலை அடைந்து, கோவா செல்லும் நெடுஞ்சாலையில் திரும்பினோம். மலையுச்சியில் கட்டைவிரலை நிமிர்த்தியதுபோல் நிற்கும் கர்னாளாக் கோட்டைப் பாறையைக் கண்டு குழந்தைகள் ஆரவாரித்தனர். பிள்ளையார் சிலைகளுக்குப் பெயர்பெற்ற பேண் நகரையும் நாகோத்தானாவையும் கடந்தால் கோலாட் வருகிறது. மும்பையிலிருந்து ஏறக்குறைய 120 கிலோமீட்டர். ரயிலில் செல்ல விரும்புவோர் பன்வேலிலிருந்து ரோஹா வரை சென்று, அங்கிருந்து சாலை வழியே கோலாட் சேரலாம். கோலாடிலிருந்து கிழக்கே, தாம்ஹிணிக் கணவாயை நோக்கிச் செல்லும் சாலையில் சிறிது தூரம் போனதும், மரங்களின் ஊடே ஆறு கண்ணுக்குப் புலனாயிற்று.

அப்பகுதியில் கட்டிலும் மின்விசிறியும் அமைந்த விடுதிகளும் உண்டு. எங்கள் நோக்கம் அதுவன்று. ஆற்றோரத்தில் நிலம் வைத்திருந்த ஒரு முதியவரிடம் முன்கூட்டியே இசைவு பெற்றிருந்தோம். அங்கே குழாய் இல்லை, விளக்கு இல்லை, குளியலறையும் இல்லை. தேக்கும் மாவும் மூங்கிலும் சூழ்ந்த ஒரு மேடு, கீழே சரிவு, அதற்கும் கீழே வழுவழுப்பான கூழாங்கற்களும் மணலும் பரந்த ஒரு திட்டு, அதனைத் தழுவியவாறு கணுக்காலளவு தெளிந்த நீர். இவ்வளவே அந்த இடம்.

மணல்திட்டைக் கண்டதும் எல்லோருக்கும் அங்கேயே கூடாரம் அடிக்க ஆசை பிறந்தது. சமமான தரை, கையெட்டும் தூரத்தில் தண்ணீர், வேறென்ன வேண்டும்? அடுப்புக்கென மூன்று கற்களைக் கூட்டியும் வைத்துவிட்டோம். அப்போது அம்முதியவர் மேட்டிலிருந்து இறங்கி வந்தார். “பாணீ யேணார்,” என்றார். தண்ணீர் வரும் என்று பொருள். வேறொன்றும் விளக்காமல், சரிவில் நின்ற ஒரு மரத்தின் வேரைச் சுட்டிக் காட்டினார். அதில் காய்ந்த சருகும் வைக்கோலும் சிக்கியிருந்தன. அந்த அடையாளத்துக்கு மேலேதான் கூடாரம் என்பது அவருடைய கட்டளை.

எங்களுடன் வந்திருந்த கும்பகோணத்து மாமிக்கு இது விளங்கவில்லை. “வானத்துல ஒரு பொட்டு மேகம்கூட இல்லையே, எங்கேருந்து தண்ணி வரும்?” என்று கேட்டார்.

“ஆத்தோரத்துல குடியிருக்கவங்க சொன்னா எதிர்வார்த்தை பேசக் கூடாது மாமி. எங்க ஊர்லயும் அப்படித்தான்,” என்று சொல்லி, முதல் மூட்டையைத் தாமே தலையில் தூக்கினார் அண்ணாச்சி. மறுபேச்சின்றி அனைவரும் மேட்டுக்கு ஏறினோம்.

இரவு வந்தது. மாட்டுங்கா மார்க்கெட்டில் வாங்கி வந்திருந்த வாழையிலையை நறுக்கிப் போட்டு, புளியோதரையும் தயிர்சாதமும் நார்த்தங்காயும் பரிமாறினோம். விழுந்து கிடந்த சுள்ளிகளை மட்டும் பொறுக்கித் தீ மூட்டினோம். மரத்தில் கை வைக்கவில்லை. முதியவரும் எங்களோடு அமர்ந்து உண்டார். குழந்தைகள் அதற்குள் அவரை ‘ஆஜோபா’ என்று அழைக்கத் தொடங்கிவிட்டனர். அந்த மலைகளில் வாழும் காத்கரி மக்களைப் பற்றி அவர் கூறினார். நாம் வெற்றிலையோடு சேர்க்கும் காசுக்கட்டியைக் கருங்காலி மரத்திலிருந்து காய்ச்சி எடுத்ததால் அவர்களுக்கு அப்பெயர் வந்ததாம்.

இருள் கவிந்தபோது நான்கு வயதுச் சிறுமி ஒருத்தி, “லைட்டை எப்போ போடுவாங்க தாத்தா?” என்று கேட்டாள். அனைவரும் சிரித்தோம். விளக்கு இல்லாத இரவை அவள் அதுவரை கண்டதே இல்லை. பின்பு அவளைத் தோளில் சாய்த்து வானத்தைக் காட்டியபோது, அவள் கேள்வியை மறந்து நட்சத்திரங்களை எண்ணத் தொடங்கினாள். ஆற்றின் மெல்லிய ஓசையையும் இலைகளின் சலசலப்பையும் தவிர வேறு ஒலியில்லை.

விடியற்காலையில் சீட்டியடிக்கும் பறவையொன்றின் குரலில் விழித்தோம். ஏதோ ஒரு சிறுவன் சீழ்க்கையடித்துச் செல்கிறான் என்றே முதலில் நினைத்தோம். மலைச் சோலைகளில் வாழும் கருநீலப் பறவை அது என்று முதியவர் சொன்னார். காப்பி குடித்து முடித்த நேரத்தில் அவர் ஆற்றை நோக்கிக் கை காட்டி, குழந்தைகளை மேட்டிலேயே நிறுத்திக்கொள்ளுமாறு கூறினார்.

முழக்கம் எதுவும் இல்லை. முதலில் கற்களின் இடுக்குகளில் நீர் ஊறியது. பிறகு கூழாங்கற்கள் மறைந்தன. பிறகு மணல்திட்டு சிறுத்துச் சிறுத்து, அரைமணி நேரத்துக்குள் இல்லாமலே போயிற்று. முந்தைய நாள் நாங்கள் கூட்டிவைத்த மூன்று அடுப்புக் கற்களும் கண்முன்னே நீருக்குள் ஆழ்ந்தன. வளர்ந்த ஆடவரும் கால் ஊன்றி நிற்க இயலாத வேகத்தில் ஆறு சுழித்தோடியது. வானமோ முன்போலவே வெறிச்சோடி நீலமாக இருந்தது. மாமி கைகூப்பி நின்றார். சற்று நேரத்தில் மிதவைச் சட்டை அணிந்த இளைஞர்கள் காற்றடைத்த ரப்பர்ப் படகுகளில் ஆரவாரத்தோடு எங்களைக் கடந்து சென்றனர். இந்த நீர்வரவை நம்பியே அங்கே படகுச் சவாரி நடைபெறுகிறது.

மழையில்லாமல் வெள்ளம் வந்ததன் காரணத்தை அன்பர்கள் அறிந்துகொள்வது நலம். கிழக்கே சஹ்யாத்ரி மலைமேல், புனே மாவட்டத்தில், முளா நதியின் குறுக்கே முள்ஷி அணை கட்டப்பட்டிருக்கிறது. முளா நதி இயல்பாகக் கிழக்கு நோக்கிச் சென்று, பீமாவிலும் பின் கிருஷ்ணாவிலும் கலந்து வங்கக் கடலை அடைய வேண்டியது. அந்நீரை மேற்கே திருப்பி, மலையிலிருந்து ஏறக்குறைய 500 மீட்டர் கீழே குழாய்களின் வழியே பாய்ச்சி, அடிவாரத்திலுள்ள பீராவில் மின்சாரம் எடுக்கின்றனர். டாட்டா நிறுவனத்தார் அமைத்த அந்நிலையம் 1927-இல் இயங்கத் தொடங்கியது. அதற்கு முன்பே கோபோலியில் 1915-இலும், பீவ்புரியில் 1922-இலும் இத்தகைய நிலையங்கள் எழுந்திருந்தன. மூன்றும் மும்பைக்காக அமைந்தவை. பீராவில் சக்கரங்களைச் சுழற்றிவிட்டு வெளியேறும் நீரே குண்டலிகாவில் இறங்கி, கோலாட், ரோஹா வழியே ரேவ்தண்டா அருகே அரபிக் கடலில் கலக்கிறது. மின்சாரத் தேவைக்கேற்ப நீரைத் திறக்குந்தோறும் ஆறு உயர்கிறது; நிறுத்தினால் தாழ்கிறது.

நம்மவருக்கு இது புரியாத புதுமையன்று. மேற்கே ஓடிய பெரியாற்று நீரை 1895-இல் கட்டி முடித்த அணையினாலும் மலையைக் குடைந்த சுரங்கத்தினாலும் கிழக்கே வைகைக்குத் திருப்பியதால் மதுரை, இராமநாதபுரம் சீமைகள் பயன்பெற்றன. அங்கே மேற்கு நீர் கிழக்கே வந்தது. இங்கே கிழக்கு நீர் மேற்கே வருகிறது. அங்கே வயலுக்கு, இங்கே விளக்குக்கு.

இந்த விளக்கின் கதையில் மற்றொரு பகுதியும் உண்டு. முள்ஷி அணைக்காகத் தங்கள் நிலத்தையும் வீட்டையும் இழக்க நேர்ந்த உழவர்கள், 1921-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் சத்தியாக்கிரகம் தொடங்கினர். அதற்குத் தலைமை தாங்கியவர்களுள் முதன்மையானவர் பாண்டுரங்க மகாதேவ பாபட். ‘சேனாபதி’ என்னும் பட்டம் அப்போராட்டத்தில் அவருக்குக் கிடைத்ததே. சிறை சென்றும் அடிபட்டும் மக்கள் மூன்றாண்டுகள் வரை போராடினர். இறுதியில் அணை எழுந்தது, ஊர்கள் மூழ்கின. ஆஜோபா இச்செய்தியைச் சினமின்றிச் சொன்னார். மேலேயுள்ள ஊர்களில் தமக்கும் உறவினர் இருந்தனர் என்று மட்டும் கூறி, பேச்சை நிறுத்திக்கொண்டார்.

மும்பையின் மின்சாரம் இன்று பல இடங்களிலிருந்து வருகிறது. செம்பூரை அடுத்த டிராம்பே அனல் நிலையமும் அவற்றுள் ஒன்று. ஆயினும் பீராவின் சக்கரங்கள் இன்னும் நகரத்துக்காகச் சுழல்கின்றன. கிங்ஸ் சர்க்கிளில் நாம் பொத்தானை அழுத்தும்போது, அந்த ஒளியில் ஒரு துளியேனும் முள்ஷி நீரிலிருந்து பிறந்திருக்கலாம். எங்கள் கூடாரத்தில் விளக்கு இல்லை. ஆனால் தொலைவில் மலையடிவாரத்தில் மின்கம்பிக் கோபுரங்கள் வரிசையாக நின்றன. நாம் ஊரை விட்டு வந்தவர்கள். விடுமுறையில் திரும்பிச் சென்று காண நமக்கு ஓர் ஊர் இருக்கிறது. அம்மக்களுக்கு அதுவும் இல்லை. இதனை நம் குழந்தைகள் பாடப்புத்தகத்தில் படிப்பதைவிட அந்த ஆற்றங்கரையில் நின்று கேட்பது நன்று.

செல்ல விரும்பும் குடும்பத்தினருக்குச் சில குறிப்புகள். மழைக்காலம் நீங்கலாக, நவம்பர் முதல் பிப்ரவரி வரை உகந்த காலம். தனியார் நிலமாயின் உரியவரிடமும், வனநிலமாயின் வனத்துறையிடமும் இசைவு பெறாமல் தங்கலாகாது. நீர் எப்போது ஏறும் என்று உள்ளூராரைக் கேட்டறிந்து, பழைய வெள்ள அடையாளத்துக்கு மேலேயே கூடாரம் அமையுங்கள். நீர் தாழ்ந்திருக்கிறது என்று நம்பிக் குழந்தைகளை ஆற்றின் நடுப் பாறைகளுக்கு அனுப்ப வேண்டா; நீச்சல் தெரிந்தவரையும் அந்த வேகம் இழுத்துச் செல்லும். குடிநீரை வீட்டிலிருந்தே எடுத்துச் செல்லுங்கள், அல்லது காய்ச்சிக் குடியுங்கள். கழிப்பிடத்துக்கு ஆற்றிலிருந்து 60 மீட்டருக்குக் குறையாத தொலைவில் குழி தோண்டி மண்ணால் மூடுங்கள். இரவில் கைவிளக்கின்றி நடவாதீர். காலையில் செருப்பை உதறிப் பார்த்தே அணியுங்கள். தீயை நீர் ஊற்றி அணைத்து, சாம்பல் குளிர்ந்ததைக் கையால் தொட்டுப் பார்த்த பின்பே புறப்படுங்கள். பிளாஸ்டிக் பைகளை அங்கே எரிக்கவோ எறியவோ கூடாது. கொண்டு சென்றதைத் திருப்பிக் கொண்டுவருவதே முறை.

ஆற்றோடு வாழ்ந்தவர்கள் ஆற்றுக்கு அஞ்சவும் அறிந்திருந்தனர், அன்பு செலுத்தவும் அறிந்திருந்தனர். அவ்விரண்டையும் நம் மக்களுக்குக் கற்பிக்கச் சொந்த ஊர் தொலைவில் இருக்கிறதே என்று வருந்த வேண்டுவதில்லை. அரை நாள் பயணத்தில் ஓர் ஆறு இருக்கிறது. அதன் இயல்பை அறிந்து சொல்ல அக்கரை மக்களும் இருக்கின்றனர். அவர்களிடம் கேட்டு, மேட்டில் கூடாரம் அடித்து, ஓர் இரவேனும் குழந்தைகளோடு தங்கி வாருங்கள்.