மொட்டை மாடியில் கோங்கூரா

திருத்தணி மலைக்கோயிலுக்கு 365 படிகள். வருஷத்தில் நாளுக்கு ஒன்று என்று கணக்குச் சொல்வார்கள். சாமி கும்பிட்டுவிட்டு இறங்கி வந்து, ஊருக்குள் கீரைக்காரம்மாவிடம் ஒரு கட்டு புளிச்சக்கீரை கேட்டுப் பாருங்கள். ''கோங்கூராவா?'' என்று தெலுங்கில் திருப்பிக் கேட்டால் ஆச்சரியப்படாதீர்கள். ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர் இது. ம.பொ.சி. முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்துக்குப் பிறகு, 1960 ஏப்ரல் 1-ம் தேதிதான் நம் பக்கம் வந்தது. எல்லைக்கோடு நகர்ந்தாலும், அடுப்பங்கரை இருந்த இடத்திலேயே இருந்துவிட்டது.

என் அத்தையைக் கட்டிக்கொடுத்தது நகரி பக்கத்துக் கிராமத்தில். மாமா போன பிறகு நிலத்தை விற்றுவிட்டு, திருத்தணியில் மகன் குடியிருந்த மாடி போர்ஷனுக்கு வந்து சேர்ந்தார். மூன்று வேளை சாப்பாடு, டி.வி., பேரன்... குறையொன்றும் இல்லை. ஆனாலும் ஆறே மாதத்தில் பாதியாக இளைத்துவிட்டார். டாக்டர் எல்லா டெஸ்ட்டும் எடுத்துப் பார்த்து, ''ஒண்ணுமில்லை'' என்றார். அதுதான் வியாதியே! காலையில் எழுந்தால் அத்தை செய்வதற்கு ஒன்றுமே இல்லை.

ஒருநாள் பழைய அரிசிச் சாக்கு ஒன்றில் மண் நிரப்பி, முந்தானையில் முடிந்து வந்திருந்த புளிச்சை விதையைத் தூவினார். ஒரு மாதம் சொச்சத்தில் கிள்ளுகிற பதத்துக்கு வந்துவிட்டது. செம்பருத்திக்கும் வெண்டைக்கும் சொந்தக்காரச் செடி அது. நுனியைக் கிள்ளக் கிள்ளப் பக்கத்தில் கிளைக்கும். அத்தையும் துளிர்த்தார்.

பிரச்னை வீட்டு ஓனர் ரூபத்தில் வந்தது. ''தளம் ஒழுகும், எல்லாத்தையும் எடுங்க!'' அவர் பயத்திலும் நியாயம் உண்டு. 20 லிட்டர் பக்கெட்டில் வெறும் ஈரமண்ணை நிரப்பினால் முப்பது கிலோவைத் தாண்டும். அதனால் செம்மண், மக்கிய சாணி எரு, தென்னை நார்க்கழிவு மூன்றையும் சமபங்காகக் கலந்தோம். எடை குறைந்தது. (நார்க்கழிவில் உப்பு இருக்கும். இரண்டு மூன்று முறை நன்றாக அலசிவிட்டுத்தான் கலக்க வேண்டும்.) சாக்குகளைத் தளத்தின் நடுவிலிருந்து சுவரோரமாக நகர்த்தி, அடியில் செங்கல் வைத்து, தண்ணீர் தேங்காமல் குழாய்க்கு ஓட வழி விட்டோம். ஓனர் வந்து குனிந்து பார்த்தார். போகும்போது கையில் ஒரு கட்டு கீரை. அப்புறம் பேச்சே இல்லை.

திருத்தணி வெயில் உங்களுக்குத் தெரியும். கோடையில் வானிலை அறிக்கையில் வேலூரோடு போட்டி போடுகிற ஊர். தக்காளி, கத்தரிக்கு ஆறு மணி நேர வெயில் வேண்டும். கீரைக்கு நாலு மணி நேரம் போதும். சித்திரை, வைகாசியில் மதியத்துக்குப் பச்சை வலையோ பழைய புடவையோ கட்டிவிட வேண்டும். பருப்பு, அரிசி களைந்த தண்ணீர் அத்தனையும் சாக்குக்குத்தான் போனது.

தினைப்புனத்தில் வள்ளிக்குக் கிளித் தொல்லை. அத்தைக்குக் குரங்கு. தக்காளியைப் பறித்துக் கடித்துப் போட்டவை, கோங்கூராவை மட்டும் ஒரு வாய் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்துக்கொண்டு போய்விட்டன. ''காய்ஞ்ச மிளகாயும் பூண்டும் வெச்சு அரைச்சுக் குடுத்தா தின்னுமோ என்னவோ, நாயனா!'' என்று அத்தை சிரித்தார். நகரியை விட்டு வந்த பிறகு அவர் சிரித்து நான் கேட்டது அன்றைக்குத்தான்.

மொட்டை மாடித் தோட்டத்தால் மாதம் எவ்வளவு மிச்சம் என்று கேட்கிறீர்கள். நாலு கட்டு கீரைக் காசு மிச்சமாகலாம், பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால், உங்கள் வீட்டில் ஊரை விட்டு வந்த பெரியவர் யாராவது ஜன்னலோரம் சும்மா உட்கார்ந்திருக்கிறாரா? ஆடிப்பட்டம் வருகிறது. ஒரு சாக்கும் ஒரு பிடி விதையும் வாங்கி அவர் கையில் கொடுங்கள். எப்படி விதைப்பது என்று மட்டும் நீங்கள் சொல்லிக்கொடுக்கப் போகாதீர்கள்!