சினத்தில் உதிர்ந்த சொல்



"ஐயா, பென்ஃபிகா குழுவுக்குச் சாபம் இருப்பது உண்மையா?" காற்பந்துப் பயிற்சியின்போது ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் வினவினான்.

1904ஆம் ஆண்டு லிஸ்பனில் தோன்றிய கழகம் அது. ஹங்கேரியரான பேலா குட்மனின் பயிற்சியில் 1961, 1962 ஆகிய ஆண்டுகளில் ஐரோப்பியக் கிண்ணத்தை வென்றது. அவர் கூடுதல் ஊதியம் கேட்டார், நிர்வாகம் மறுத்தது. நூறாண்டுகளுக்கு ஐரோப்பியக் கிண்ணம் கிட்டாது எனச் சபித்துவிட்டு வெளியேறினாராம். 1963 முதல் 2014 வரை எட்டு ஐரோப்பிய இறுதியாட்டங்களில் பென்ஃபிகா தோற்றது. 1990இல் இறுதியாட்டம் வியன்னாவில் நடந்தது. குட்மனின் கல்லறையும் அந்நகரில்தான் உள்ளது. அவரிடம் பயின்ற யூசேபியோ அங்குச் சென்று பிரார்த்தித்தார். ஆயினும் மிலான் 1-0 என வென்றது.

சாபத்தை நான் நம்புவதில்லை. ஆனால், மதிப்பிற்குரியவர் சினத்தில் உதிர்த்த சொல் எவ்வளவு காலம் வாழ்கிறது!

முன்பொரு மாணவனிடம், "உனக்குத் தமிழ் வராது" என்று கடிந்துரைத்தேன். இடைநிலைப்பள்ளியில் அவன் தமிழ்மொழிப் பாடத்தையே எடுக்கவில்லை. "ஐயாவே சொல்லிவிட்டாரே என்கிறான்" என்றார் அவன் தாயார்.

2022இல் பென்ஃபிகாவின் இளையோர் அணி, ஐரோப்பிய இளையோர் இறுதியாட்டத்தில் சால்ஸ்பர்க்கை 6-0 என வீழ்த்தியது. அதைத்தான் அச்சிறுவனுக்கு விடையாகச் சொன்னேன். மாலையில் அந்தத் தாயாரைத் தொலைபேசியில் அழைத்து, "அம்மா, தம்பியிடம் நான் பேச வேண்டும்" என்றேன்.

ஆசிரியர்களே, பெற்றோர்களே, நீங்கள் யாரிடம் பேச வேண்டியிருக்கிறது?