மற்றவர் 8

எங்கள் ஊர் குடிகாடு. கடலூர் முதுநகரிலிருந்து சிதம்பரம் போகும் சாலையில் செல்கிறவர்கள் பேருந்துச் சன்னல் வழியே பார்த்திருப்பார்கள். பார்த்த மறுகணமே மறந்தும் இருப்பார்கள். நானும் என் நண்பனும் எட்டாம் வகுப்புப் படிக்கையில், அங்கே ஒரு வேப்பமரத்தில் பழைய பிளாஸ்டிக் வாளி ஒன்றைக் கட்டிக் கூடைப்பந்து ஆடத் தொடங்கினோம். வாளியின் அடியை அறுக்க வேண்டும் என்ற எண்ணம் எங்களுக்குத் தோன்றவே இல்லை. பந்து விழுந்தால் ஒருவன் மரமேறி எடுத்து வர வேண்டும். 1891-இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் இந்த ஆட்டத்தை உண்டாக்கியபோது பீச் பழக்கூடைகளைத்தான் மாட்டினார் என்றும், அங்கும் ஏறித்தான் பந்தை எடுத்தார்கள் என்றும் பின்னாளில் படித்தேன். எங்களுக்கு வந்த பெருமையைச் சொல்லவும் வேண்டுமோ!

கல்லூரியில் சேர்ந்த அன்றே பெருமை போயிற்று. கூடை பத்தடி உயரத்தில் இருக்க வேண்டுமாம். எங்கள் வாளி எட்டரை அடி. எறிந்த பந்தெல்லாம் கூடைக்கு முன்பே விழுந்தது. போதாக்குறைக்குக் கடற்காற்று வேறு. என் கை பழக ஓராண்டு ஆயிற்று. அவனுக்கு ஒரு வாரம் போதும். காற்று எப்பக்கம் அடிக்கிறது என்று ஒரு முறை முகத்தைத் திருப்பிப் பார்ப்பான், எறிவான், விழும்.

ஆனால் முதலாமாண்டு மாணவன் பந்து பொறுக்கவும் தண்ணீர் கொண்டு வரவும்தானே! இது எல்லா ஊரிலும் உள்ள வழக்கம். அமெரிக்காவில் இதைச் சட்டமாகவே வைத்திருந்தார்கள். 1965-இல் கரீம் அப்துல் ஜபார் (அப்போது அவர் பெயர் லூ அல்சிண்டர்) லாஸ் ஏஞ்சல்ஸில் முதலாமாண்டு மாணவராக இருந்தார். பல்கலைக்கழகத்தின் பெரிய அணி அந்நாட்டுச் சாம்பியன். முதலாண்டுப் பிள்ளைகள் அதனுடன் மோதி 75–60 என்று வென்றார்கள். அவர் மட்டும் 31 புள்ளிகள். ஆயினும் அந்த ஆண்டு முழுவதும் அவர் பெரிய அணியில் ஆட முடியவில்லை. 1972-இல்தான் அந்தத் தடை நீங்கியது.

பிறகு 1982–83 பருவத்தில் ஓக்லஹோமாவில் வேமன் டிஸ்டேல் என்ற முதலாமாண்டு மாணவர், நாட்டின் தலைசிறந்த ஐவர் அணியிலேயே இடம் பெற்றார். அவர் ஒலிம்பிக் தங்கமும் வென்றவர், கிடார் இசைக் கலைஞரும்கூட. புற்றுநோயால் ஒரு காலை இழந்து 2009-இல் காலமானார். ஆண்டுதோறும் சிறந்த முதலாண்டு ஆட்டக்காரருக்கு அளிக்கப்படும் விருது அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. கெவின் டுரான்ட் போன்றோர் பெற்ற விருது அது. அதை வழங்குவது கூடைப்பந்து எழுத்தாளர்களின் சங்கம் என்று அறிந்தபோது எனக்குச் சுருக்கென்றது. பந்தைத் தொடுகிறவர்கள் அல்லர், பேனா பிடிக்கிறவர்கள்! ஏனெனில் நம் அணியின் குறிப்பேட்டில் அந்த ஆண்டு பேனா பிடித்தவன் நான்.

சிதம்பரத்தில் ஓர் ஆட்டம். நாம் தோற்பது உறுதியான பிறகு, கடைசி சில நிமிடங்களுக்கு நண்பனை இறக்கினார்கள். நான்கு முறை எறிந்தான், நான்கும் விழுந்தன. திரும்பும் பேருந்தில் தோல்வியைப் பற்றியே பேச்சு. நான் குறிப்பேட்டில் மூத்த ஆட்டக்காரர்களின் பெயர்களை அழகாக எழுதினேன். கீழே இடம் குறைவாக இருந்தது. 'மற்றவர் 8' என்று எழுதி மூடி வைத்தேன்.

அவன் இரண்டாமாண்டுக்கு வரவில்லை. அப்பாவுக்கு உடல் நலமில்லை. ஒப்பந்த வேலைக்குப் போய்விட்டான். டுரான்டும் ஓராண்டோடு கல்லூரியை விட்டவர்தாம். தொழில்முறை அணிக்குப் போய்க் கோடிகள் ஈட்டினார். இவன் ஷிப்டுக்குப் போனான். ஒரு முதலாண்டுக் கோப்பை இருந்திருந்தால் அவன் நின்றிருப்பானா? தெரியாது. கோப்பையை வைத்து அப்பாவுக்கு மருந்து வாங்க முடியாது. ஆனால் சென்ற பொங்கலுக்கு அவன் என்னிடம், "டேய், அந்த சிதம்பரம் மேட்சு நோட்டுல என் பேரு இருக்குதாடா?" என்று கேட்டான். "இருக்குது" என்றேன். வாய் கூசாமல் சொன்னேன்.

மறுநாள் கல்லூரிக்கு வந்து அலமாரியில் தேடி அதை எடுத்தேன். 'மற்றவர்' என்பதை அடித்து, மேலே அவன் பெயரை எழுதினேன். மை நிறம் மாறித் தெரிகிறது, தெரியட்டும். இந்த ஆண்டு குறிப்பேட்டை ஒரு முதலாமாண்டுத் தம்பியிடம் கொடுத்திருக்கிறோம். இறங்கும் ஒவ்வொருவரின் பெயரையும் தனி வரியில் எழுதச் சொல்லியிருக்கிறேன்.

போன ஞாயிறு ஊரில் அவனைப் பார்த்தேன். இரவு ஷிப்டு முடித்து வந்து, தூங்காமல் வேப்பமரத்தடியில் நின்றிருந்தான். வாளி போய் ஓர் இரும்பு வளையம் வந்திருந்தது. தெருப்பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் சுற்றி நின்றார்கள்.

"பத்தடி இருக்குமாடா?" என்றான்.

அளந்து பார்த்தோம். இரண்டு அங்குலம் குறைந்தது. அவனே மறுபடி மரமேறினான்.