பின்மண்டை இருப்பு

ஜூன் 8, ஞாயிறு

மகனுக்கு முதல் முடி இறக்கினோம். அவனோடு நானும் உட்கார்ந்துவிட்டேன். சாந்திபுரத்தை விட்டு இருட்டோடு கிளம்பி, பலமனேர் தாண்டி மொகிலி காட் இறங்கும்போதுதான் வெளிச்சம் வந்தது. திருமலையில் கல்யாண கட்டா, டோக்கன், பிளேடு, வரிசை. எனக்கு மழித்தவர் வயதானவர். முன்பக்கத்தை இரண்டே இழுப்பில் முடித்துவிட்டு, "ஈட பனி லேது சாமீ" என்று சிரித்தார். இந்த இடத்தில் தனக்கு வேலையே இல்லையாம். என்னைப் போன்ற எத்தனை தலைகளைப் பார்த்த கை அது. கோபம் வரவில்லை. முப்பத்து மூன்று வயதில் அதைக் கேட்க வேண்டியிருக்கிறதே என்றுதான் இருந்தது.

வரிசையில் நிற்கும்போது அம்மா நீலாதேவி கதையை மறுபடி சொன்னாள். இடையன் அடித்த அடியில் பெருமாள் தலையில் ஓரிடத்தில் முடி போய்விட்டது. கந்தர்வ இளவரசி நீலாதேவி தன் கூந்தலில் ஒரு பகுதியை அறுத்து அங்கே பதித்தாள். பக்தர்கள் கொடுக்கும் முடியெல்லாம் அவளுக்கே என்று பெருமாள் வரம் கொடுத்தார். அம்மாவுக்கு இது பக்திக் கதை. நான் சில மாதங்களாக முடி நடவு பற்றியே படித்துக்கொண்டிருப்பவன். எனக்கு இது வேறு மாதிரி கேட்டது: கொடுத்தவர் வேறு, வாங்கியவர் வேறு, ஒட்டிக்கொண்டது. மனிதர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அடுத்தவர் முடிவேரை நம் உடம்பு அந்நியப் பொருளாகப் பார்த்துத் தள்ளிவிடும். இந்த மலையில் குவிகிற முடியைத் தேவஸ்தானம் நீளம் பார்த்துத் தரம் பிரித்து ஏலம் விடுகிறது. அதில் ஒரு இழைகூட எனக்கு ஆகாது.

ஜூன் 11, புதன்

மொட்டைத் தலை பொய் சொல்லாது. வாரி மறைக்க ஏதும் இல்லாதபோது, முளைத்து வரும் கறுப்பு மட்டும் எது உயிரோடு இருக்கிறது என்று காட்டிவிடுகிறது. காதுக்கு மேலும் பிடரியிலும் அடர்ந்த கறுப்பு. உச்சியில் சாம்பல். நெற்றியின் இரு மூலைகளிலும் வெறும் தோல்.

மொட்டை போட்டால் அடர்த்தியாக வளரும் என்று நான் வேலை பார்க்கும் ஆலையில் மூன்று பேர் சொன்னார்கள். மில்ட்ரெட் டிராட்டர் 1928-லேயே சோதித்துப் பார்த்து, மழிப்பதால் முடி தடிப்பதும் இல்லை, வேகமாக வளர்வதும் இல்லை என்று எழுதிவிட்டார். கத்தி தொடுவது தோலுக்கு மேலே இருப்பதை. சங்கதி தோலுக்கு அடியில். டெஸ்டோஸ்டிரோனிலிருந்து உண்டாகும் டிஎச்டி என்ற ஹார்மோனுக்கு உச்சந்தலை வேர்கள் பணிந்துபோகின்றன. ஒவ்வொரு சுற்றிலும் முடி மெலிந்து, குட்டையாகி, கடைசியில் பூனைமுடி ஆகிவிடுகிறது. பிடரி வேர்கள் அசைவதில்லை. பருவமடையும் முன்பே விரை நீக்கப்பட்டவர்களுக்கு இந்த வழுக்கை வருவதில்லை என்று ஜேம்ஸ் ஹாமில்டன் 1942-ல் காட்டினார். அந்த வைத்தியம் வேண்டாம்.

ஜூன் 15, ஞாயிறு

குடும்ப விசாரணை. அம்மா போர் தண்ணீர் மேல் பழி போட்டாள். அப்பா ஹெல்மெட் மேல். சித்தி, "தாய்மாமனைப் பாருடா, அப்படியே உரிச்சு வச்சிருக்க" என்றாள். சித்தி பாதி சரி. ஆண் ஹார்மோனை ஏற்கும் ஜீன் எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது, அது அம்மா வழியாகத்தான் வரும். ஆனால் அப்பா பக்கத்திலிருந்தும் பல ஜீன்கள் சேர்கின்றன. அப்பாவின் தலையைப் பார்த்தால் அதற்கு ஆராய்ச்சி தேவையில்லை. போர் தண்ணீர் முடியை முரடாக்கலாம், நெற்றியை மேலேற்றாது. கரிசலாங்கண்ணி எண்ணெய், சின்ன வெங்காயச் சாறு எல்லாம் பார்த்தாயிற்று. தலையணை உறை நாறியதுதான் மிச்சம்.

ஜூன் 24, செவ்வாய்

குப்பத்தில் தோல் டாக்டர். விளக்கைப் பிடித்து லென்ஸ் வைத்து உச்சியைப் பார்த்தார், பிடரியைப் பார்த்தார். "பாதிக்குப் பாதி போனபிறகுதான் கண்ணுக்கே தெரியும். அதனால நீங்க சீக்கிரமா வரல, தாமதமாவும் வரல" என்றார். பிறகு இரண்டு பெயர்களை எழுதினார்.

ஒன்று மினாக்சிடில். ரத்த அழுத்த மாத்திரையாக 1979-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. தின்றவர்களுக்கு முகத்திலும் கையிலும் முடி முளைத்தது. அந்தத் தொல்லையையே மருந்தாக்கி, 1988-ல் தலையில் தடவும் திரவமாக விற்றார்கள். நம் மருந்துக் கடைகளில் மின்டாப், டூகெயின் என்று கிடைக்கிறது. தடவத் தொடங்கிய சில வாரங்களில் முடி கூடுதலாகக் கொட்டும். பழைய முடியைத் தள்ளிவிட்டுப் புதியது கிளம்புவதால் அப்படி. பலர் அங்கேயே பயந்து நிறுத்திவிடுகிறார்கள் என்றார் டாக்டர். நிறுத்தினால் சில மாதங்களில் வந்ததெல்லாம் போய்விடும். வீட்டில் குழந்தை இருப்பதால் தடவிய கையைக் கழுவச் சொன்னார். 2019-ல் ஸ்பெயினில் வயிற்று மருந்தில் மினாக்சிடில் தவறுதலாகக் கலந்து, கைக்குழந்தைகளுக்கு உடம்பெல்லாம் முடி வளர்ந்த கதையைப் படித்திருந்தேன். தலையாட்டினேன்.

இன்னொன்று ஃபினாஸ்டரைடு. பெயரைப் பார்த்ததும் திடுக்கிட்டேன். அப்பா மூத்திரத் தொந்தரவுக்குத் தினமும் போடுகிற மாத்திரை இது. "அதேதான். அவருக்கு 5 மில்லிகிராம், உங்களுக்கு 1" என்றார் டாக்டர்.

இதன் பிறப்புக் கதை மினாக்சிடிலைவிட விசித்திரம். டொமினிகன் குடியரசின் சில கிராமங்களில் பெண்ணென்று வளர்க்கப்பட்ட பிள்ளைகள் பருவ வயதில் ஆணாக மாறினார்கள். டெஸ்டோஸ்டிரோனை டிஎச்டி ஆக்கும் நொதி அவர்களுக்குக் குறைவு என்று 1974-ல் ஜூலியான் இம்பரேட்டோ-மெக்கின்லி குழு எழுதியது. அப்படிப்பட்ட ஆண்கள் வளர்ந்தபிறகு புராஸ்டேட் சிறிதாகவே இருந்தது, நெற்றி ஏறவில்லை. அந்த நொதியை மருந்தால் அடக்கிப் பார்க்கலாமே என்று மெர்க் நிறுவனம் போன வழியில் கிடைத்தது இது. 1992-ல் புராஸ்டேட்டுக்கு, 1997-ல் தலைக்கு.

எண்களைக் கேட்டேன், கணக்கு எழுதுகிறவன் வேறென்ன கேட்பான். ஐந்து ஆண்டுச் சோதனையில், படங்களை ஒப்பிட்டபோது, மாத்திரை எடுத்தவர்களில் 48 சதவீதம் பேருக்கு முடி கூடியிருந்தது, 42 சதவீதம் பேருக்கு இருந்தது அப்படியே நின்றது. மருந்தில்லாத வெறும் மாத்திரை எடுத்தவர்களில் 75 சதவீதம் பேருக்குக் குறைந்திருந்தது. என்னைக் கவர்ந்தது அந்த 42. முடி வளர்க்கும் மருந்தாக இதைப் பார்க்கக் கூடாது, போகிற முடியை நிறுத்தும் மருந்தாகப் பார்க்க வேண்டும். இன்னொன்று: சோதனையில் கவனித்தது பெரும்பாலும் உச்சியை. நெற்றி மூலைகளுக்கு இது அவ்வளவாக உதவாது.

மறுபக்கம். முதல் ஆண்டுச் சோதனையில் ஆண்மை தொடர்பான தொந்தரவு 3.8 சதவீதம், வெறும் மாத்திரைக்காரர்களில் 2.1. நிறுத்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும். சிலருக்கு நிறுத்திய பிறகும் நீடித்ததாகச் சொன்னதை 2012-ல் அமெரிக்க மருந்துத் துறை எச்சரிக்கைச் சீட்டில் சேர்த்தது. மனச்சோர்வும் அதில் உண்டு. 2025 மே மாதத்தில் ஐரோப்பிய மருந்து முகமையின் பாதுகாப்புக் குழு, தற்கொலை எண்ணத்தையும் இதன் பக்கவிளைவாக உறுதிசெய்தது. டாக்டர் இதை மறைக்கவும் இல்லை, பெரிதாக்கவும் இல்லை. "முன்னாடி மனசு சரியில்லாம மருந்து எடுத்திருக்கீங்களா?" என்று நேராகக் கேட்டார். இல்லை. "வீட்டுல சொல்லிட்டு ஆரம்பிங்க. உங்க மாற்றம் உங்களுக்கு முன்னாடி அவங்களுக்குத் தெரியும்."

ஆலையில் ஒருவன் 5 மில்லிகிராம் மாத்திரையை நான்காக உடைத்துப் போடுகிறான், காசு மிச்சமாம். உடைத்த துகளைக் கர்ப்பிணிகள் தொடக்கூடாது, ஆண் சிசுவின் உறுப்பு வளர்ச்சியைக் கெடுக்கும். அவன் வீட்டில் மருமகள் மாசமாக இருக்கிறாள். நாளைக்கு முதல் வேலை அவனிடம் சொல்வது.

ஜூலை 5, சனி

பெங்களூரில் முடி நடவு ஆலோசனை. குப்பம் ரயிலில் பாதிப் பேர் அங்கே வேலைக்குப் போகிறவர்கள், என் தலையைப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. நான் போன மையத்தில் முதலில் பேசியவர் டாக்டர் அல்ல, 'கவுன்சிலர்'. என் தலையைத் தொடும் முன்பே கால்குலேட்டரைத் தொட்டார். 3,500 கிராஃப்ட், இந்த வாரம் முன்பணம் கட்டினால் தள்ளுபடி, மேலே 18 சதவீதம் ஜிஎஸ்டி. முடி நடவு அழகுக்கான சிகிச்சை என்பதால் மருத்துவத்துக்கு உள்ள வரிவிலக்கு இதற்குக் கிடையாது. அரசாங்கம் இதை நோயென்று நினைக்கவில்லை, அந்த மட்டில் எனக்கும் அதே கருத்துதான். டாக்டர் எங்கே என்று கேட்டேன். அறுவை நாளன்று பார்க்கலாமாம். எழுந்து வந்துவிட்டேன்.

மதியம் இன்னொரு இடம். அங்கே அறுவை செய்யும் டாக்டரே உட்கார்ந்து விளக்கினார். பிடரி வேரை எடுத்து உச்சியில் நட்டாலும் அது பிடரியின் குணத்தோடேயே இருக்கும். நியூயார்க்கில் நார்மன் ஓரன்ட்ரைக் 1952-ல் செய்து பார்த்து 1959-ல் எழுதிய விஷயம். ஜப்பானில் ஒகுடா 1939-லேயே செய்திருந்தார், போர்க்காலத்தில் யாரும் கவனிக்கவில்லை. ஓரன்ட்ரைக் காலத்தில் 4 மில்லிமீட்டர் வட்டமாகத் தோண்டி நட்டதில் தலை பொம்மைத் தலை போல ஆனது. இப்போது ஒன்று முதல் நான்கு முடி வரை சேர்ந்த இயற்கைக் கொத்துகளாகவே எடுத்து நடுகிறார்கள். அதுதான் ஒரு கிராஃப்ட். நட்ட முடி சில வாரங்களில் உதிர்ந்து, மூன்று நான்கு மாதத்தில் முளைத்து, முழு உருவம் தெரிய ஓராண்டு ஆகும்.

பிறகு அவர் போட்ட கணக்குக்காகவே இந்தப் பயணம் தகும். என் பிடரியிலிருந்து வாழ்நாள் முழுக்க எடுக்கக்கூடியது சுமார் 5,500 கொத்து. நெற்றியில் 50 சதுர சென்டிமீட்டர் நிரப்ப, சென்டிமீட்டருக்கு 40 வீதம் 2,000. மிச்சம் 3,500. நாளைக்கு உச்சியும் நடுவும் போய், 120 சதுர சென்டிமீட்டர் காலியானால் அதே 40 வீதம் 4,800 வேண்டும். 1,300 பற்றாக்குறை. அப்போது நெற்றியில் நட்டது மட்டும் உதிராமல் நிற்கும், பின்னால் வெட்டவெளி. வரவே இல்லாத கையிருப்பு இது. எடுக்க எடுக்கக் குறையும், மறுபடி நிரம்பாது. காலையில் அந்தக் கவுன்சிலர் ஒரே மூச்சில் விற்கப் பார்த்தது இதில் பெரும்பகுதியை.

"அப்போ எப்ப பண்ணலாம் சார்?"

"பின்னாடி எவ்வளவு போகும்னு தெரிஞ்சப்புறம். அது நிக்குதான்னு பார்க்கத்தான் மாத்திரை. மாத்திரை எடுக்காம நடவு மட்டும் பண்ணுங்கன்னு கேட்கிறவங்களை நான் திருப்பி அனுப்பிடுவேன்."

மருந்தா, அறுவையா என்று நான் இதுவரை எழுதிவந்த இரண்டு பத்திப் பட்டியலைக் கிழிக்க வேண்டியதுதான். அவை ஒன்றுக்கொன்று மாற்று இல்லை. ஒன்று இருப்பதைக் காக்கிறது, மற்றது இருப்பதை இடம் மாற்றுகிறது. அறுவை ஒரு முடியைக்கூடப் புதிதாக உண்டாக்குவதில்லை.

ஜூலை 6, ஞாயிறு

நேற்று அந்த டாக்டரிடம் ஒரு கேள்வி கேட்டேன், சிரித்தார். பெங்களூரில் யாரும் கேட்டதில்லையாம். நடவு செய்த பிறகு மொட்டை போடலாமா?

எங்கள் பக்கத்தில் இது நிஜமான கேள்வி. பிள்ளை பிழைத்தால் மொட்டை, பயிர் வந்தால் மொட்டை, ஒன்றும் இல்லாவிட்டாலும் அம்மா வேண்டிக்கொண்டால் மொட்டை. ஆறியபின் போடலாம், வேர் உள்ளே இருக்கிறது, மறுபடி முளைக்கும். ஆனால் பிடரியில் தோலைப் பட்டையாக அறுத்து எடுக்கும் முறையில் காதிலிருந்து காதுவரை கோடு விழும். முடி இருக்கும்வரை தெரியாது, மொட்டை போட்டால் ஊரே பார்க்கும். ஒவ்வொரு கொத்தாகத் துளையிட்டு எடுக்கும் முறையில் கோடு இல்லை, சிறுசிறு வெள்ளைப் புள்ளிகள் உண்டு. வேண்டுதல் உள்ள தலைக்குப் பட்டை முறை ஆகாது. இதை எந்த விளம்பரமும் சொல்லவில்லை, நம்மூர் விளம்பரமாவது சொல்லியிருக்கலாம்.

மனைவி கேட்டது வேறு. "உயிருக்கு ஒண்ணும் ஆகாதே?" 2016 மே மாதம் சென்னையில் முடி நடவு செய்துகொண்ட 22 வயது மருத்துவ மாணவர் உடல்நிலை மோசமாகி, வேலூர் சிஎம்சிக்குக் கொண்டுபோயும் இறந்தார். அந்த மையத்துக்கு முடி திருத்தகத்துக்கான உரிமம்தான் இருந்தது என்று செய்தி வந்தது. வேலூர் எங்களுக்கு அடுத்த ஊர் மாதிரி, அதனால் இங்கே இன்னும் பேசுகிறார்கள். நன்றாகச் செய்தால் ஆபத்து குறைந்த அறுவைதான். ஆனால் மயக்க மருந்து அளவு, பல மணி நேரம், அவசரத்துக்குக் கருவிகள் என்று எல்லாம் அறுவைக்கு உரியவையே. 2022-ல் தேசிய மருத்துவ ஆணையம், பயிலரங்கிலோ யூடியூபிலோ பார்த்தது பயிற்சி ஆகாது என்று எழுத்தில் சொல்ல வேண்டி வந்தது. அப்படிச் சொல்ல வேண்டி வந்ததே போதும், நிலைமை புரிகிறது.

இரவு படித்தது: 1999-ல் இங்கிலாந்தின் டர்ஹாமில் கோலின் ஜஹோடா தன் உச்சந்தலை வேர் உறைச் செல்களைத் தன் மனைவி அமாண்டா ரெனால்ட்ஸின் கையில் வைத்தார். முடி முளைத்தது, உடம்பு தள்ளவில்லை. நீலாதேவி கதை தலைகீழாக. கடைக்கு வரும் சிகிச்சையாக அது இன்றுவரை ஆகவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

முடிவு. ஃபினாஸ்டரைடு 1 மில்லிகிராம், நாளையிலிருந்து. மினாக்சிடில் ராத்திரி மட்டும். இரண்டு வேளை தடவச் சொன்னார்கள், காலையில் ஆலைக்குக் கிளம்பும் அவசரத்தில் என்னால் முடியாது என்று டாக்டரிடமே சொல்லிவிட்டேன். இன்னொரு பிள்ளை பற்றிப் பேச்சு இருப்பதால் முன்கூட்டியே விந்துப் பரிசோதனை ஒன்று. மாத்திரை சிலருக்கு எண்ணிக்கையைக் குறைக்கும், நிறுத்தினால் திரும்பும். ரத்ததானம் இனிக் கிடையாது, மாத்திரையை நிறுத்தி ஒரு மாதம் ஆகும்வரை. ஆலை முகாமில் என்ன காரணம் சொல்வது என்று யோசிக்க வேண்டும்.

அடுத்த ஜூன் வரை அதே ஜன்னல், அதே வெளிச்சத்தில் மாதம் ஒரு படம், மனைவி எடுப்பாள். என் மனசு மாறுகிறதா என்று பார்ப்பதும் அவள் பொறுப்பு. மாறினால் மாத்திரை குப்பைக்கு, முடி பின்னாலேயே போகட்டும் என்றாள். நடவுப் பேச்சு அதற்குப் பிறகுதான், அதுவும் நெற்றிக்கு மட்டும், துளை முறையில்.

அம்மாவிடம் இரண்டு ஆண்டுக்குப் புது வேண்டுதல் வைக்காதே என்று கேட்டுக்கொண்டேன். "அதெல்லாம் சாமிகிட்ட கேளு" என்றாள். மாத்திரை அட்டையை அப்பாவின் அலமாரியில் வைக்கப் போனேன். 5 எது, 1 எது என்று அவர் கண்ணுக்குத் தெரியாது என்று மனைவி வாங்கி, அரிசி டப்பாவுக்கு மேல் தட்டில், பிள்ளை எட்டாத உயரத்தில் வைத்தாள்.