ஜெயித்தவனின் வாய்

தோற்றவர்கள்தான் கட்சியை உடைப்பார்கள் என்று நெடுநாள் சொல்லித் திரிந்தேன். தமிழ்ச் சங்க விருந்துகளில் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு இதற்காக வாதாடியிருக்கிறேன். எனக்குத் தெரிந்த வட்டத்தில் அந்த உடைப்பு வேலையைச் செய்தவன் நான். இரண்டு முறை செய்தேன், இரண்டு முறையும் ஜெயித்த பக்கத்தில் இருந்துகொண்டு.

ஃபிலடெல்ஃபியா புறநகரில் இருக்கிறேன். அமெரிக்கக் குடியுரிமை கிடைத்து நான் பார்த்த முதல் அதிபர் தேர்தல் 2008. நம் ஊரில் சீட்டைத் தலைமை கொடுக்கும். கிடைக்காதவர் போட்டி வேட்பாளராக நின்று பார்ப்பார். இங்கே வேட்பாளர் யார் என்பதையே மக்கள் ஓட்டுப் போட்டு முடிவு செய்கிறார்கள், அதற்குப் பெயர் பிரைமரி. சொந்தக் கட்சிக்காரனோடு ஐந்தாறு மாதம் கட்டிப் புரண்டுவிட்டு, நவம்பரில் அவனோடு தோளில் கை போட்டுக்கொள்ள வேண்டும். முதல் பாதி எனக்கு நன்றாக வந்தது.

நான் ஒபாமா பக்கம். எங்கள் பென்சில்வேனியாவில் ஏப்ரல் 22 அன்று ஹிலரி கிளின்டன் எங்களை ஒன்பது சதவீதத்துக்கு மேல் வித்தியாசத்தில் தோற்கடித்தார். அந்தத் தோல்வி என் நாக்கை இன்னும் கூராக்கியது. ஜூன் 3 அன்று கட்சி மாநாட்டில் வேட்பாளராகத் தேவையான பிரதிநிதிகள் எண்ணிக்கையை ஒபாமா எட்டியதும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

எங்கள் வட்டாரத் தமிழர் எல்லோருக்கும் ஒரு அக்கா உண்டு. மருத்துவமனையில் நர்ஸ். நான் வந்திறங்கியபோது வாடகை வீடு பிடித்துத் தந்தவர். தான் வேலை கற்றுக்கொடுத்த ஆண்கள் தனக்கு மேலதிகாரிகளாக வந்ததைப் பார்த்தவர். ஹிலரிக்காக அந்த வசந்தம் முழுக்கக் கதவு கதவாகத் தட்டினார்.

அந்த வருஷம் கடைகளில் ஹிலரி உருவத்தில் ஒரு பொம்மை விற்றார்கள். தொடைகளுக்கு நடுவே வால்நட்டை வைத்து அழுத்தினால் ஓடு உடையும். நான் ஒன்று வாங்கினேன். என் வீட்டில் பிறந்தநாள் விருந்து ஒன்றில் சாப்பாட்டு மேஜைமேல் அதை வைத்து, ஒரு கிண்ணம் வால்நட்டும் வைத்தேன். ஆண்கள் வரிசையாக வந்து உடைத்துச் சிரித்தோம். அக்கா தட்டை வைத்துவிட்டு அடுக்களைக்குப் போய்ப் பாத்திரம் கழுவினார். ஜனவரியில் நியூ ஹாம்ப்ஷயர் கூட்டத்தில் இரண்டு பேர் எழுந்து ஹிலரியைப் பார்த்து, என் சட்டையை இஸ்திரி போடு என்று கத்தியதை அக்கா என்னிடம் குரல் நடுங்கச் சொல்லியிருந்தார். வேலைவெட்டி இல்லாத பயல்கள், விடுங்கக்கா என்று சொல்லிவிட்டு, அதே வேலையை என் வீட்டு மேஜையில் செய்தேன்.

இதைவிட மோசமானது மிச்சிகன் விவகாரத்தில் நான் பேசியது. மிச்சிகனும் ஃபுளோரிடாவும் கட்சி விதியை மீறி ஜனவரியிலேயே தேர்தல் நடத்தின. தண்டனையாக அவற்றின் பிரதிநிதிகளுக்கு ஓட்டுரிமை கிடையாது என்று தலைமை முதலில் அறிவித்தது. மிச்சிகனில் ஒபாமா தன் பெயரையே வாக்குச்சீட்டிலிருந்து எடுத்துவிட்டார். ஹிலரிக்கு 55 சதவீதம் கிடைத்தது. யாருக்கும் உறுதியில்லை என்ற தெரிவுக்கு 40. மே 31 அன்று கட்சியின் விதிக்குழு கூடி, பிரதிநிதிகளுக்கு ஆளுக்கு அரை ஓட்டு என்று சமரசம் செய்து, மிச்சிகன் பிரதிநிதிகளை ஹிலரிக்கு 69, ஒபாமாவுக்கு 59 என்று பிரித்துக் கொடுத்தது. தேர்தல் முடிவின்படி ஹிலரிக்கு 73 வர வேண்டும் என்பது அவர் தரப்பின் கணக்கு.

நான் போனில் ஆரம்பித்தேன். “அக்கா, ரூல்னா ரூல்தான்.”

“சரி தம்பி. சீட்டுல பேரே இல்லாதவருக்கு எங்க ஆளுங்க நாலு பேரை எடுத்துக் குடுத்தது எந்த ரூல்?”

எனக்குப் பதில் தெரியாது. விதிகளை என்னைவிட அவர் ஆழமாகப் படித்திருந்தார். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். “நாலு பேரால கணக்கு மாறப் போறதில்ல. இன்னும் எத்தனை நாளைக்கு அழுவீங்க?” என்றேன்.

கணக்கு மாறாது என்பது உண்மைதான். மாறாது என்பதாலேயே, நீங்க சொல்றது நியாயம்தான் அக்கா என்று ஒப்புக்கொள்வதில் எனக்கு ஒரு காசு நஷ்டமில்லை. நவம்பரில் அவருடைய ஓட்டு வேண்டும், ஜூனில் அவருடைய நியாயம் வேண்டாம். நான் ஒற்றுமை என்று சொன்னது அதைத்தான்.

தலைவர்கள் தங்கள் பங்கைச் செய்தார்கள். ஜூன் 7 அன்று வாஷிங்டனில் ஹிலரி விலகி, ஒபாமாவுக்கு வேலை செய்யுங்கள் என்று தன் ஆட்களைக் கேட்டுக்கொண்டார். ஜூன் 27 அன்று இருவரும் நியூ ஹாம்ப்ஷயரில் யூனிட்டி, அதாவது ஒற்றுமை, என்ற சிற்றூரில் ஒரே மேடையில் நின்றார்கள். ஊர்ப்பெயருக்காகத் தேர்ந்தெடுத்தார்கள் என்பது குழந்தைக்கும் தெரியும். ஆனால் ஜனவரியில் அந்த ஊரில் இருவருக்கும் ஆளுக்கு 107 ஓட்டு விழுந்திருந்தது என்பது யாராலும் ஏற்பாடு செய்ய முடியாதது. ஆகஸ்ட் 27 அன்று டென்வர் மாநாட்டில் வாக்கெடுப்பை நிறுத்தி ஒபாமாவை ஒருமனதாக அறிவிக்கலாம் என்று முன்மொழிந்தவரும் ஹிலரிதான்.

அவருடைய பிரசாரத்துக்கு 2 கோடி டாலருக்கு மேல் கடன் நின்றது. ஒபாமா தன் பங்குக்கு 2,300 டாலர் காசோலை எழுதிக் கொடுத்து, தனக்கு நிதி திரட்டியவர்களையும் உதவச் சொன்னார். எங்கள் வட்டத்தில் நிதி திரட்டியவர் என்னையும் கேட்டார். எங்களைத் திட்டி விளம்பரம் போட்ட கடனை நான் ஏன் அடைக்க வேண்டும் என்று கேட்டு, சிரித்துக்கொண்டே மறுத்தேன். அந்த வாரம்தான் யூனிட்டி மேடைப் படத்தை நண்பர்கள் எல்லோருக்கும் அனுப்பினேன்.

நவம்பரில் அக்கா ஒபாமாவுக்கே போட்டார். “நீ பேசினதுக்கு எதிர்ப்பக்கம் மக்கெய்னுக்குப் போட்டிருக்கணும். சுப்ரீம் கோர்ட்டை நினைச்சுப் போட்டேன்” என்றார். நாங்கள் ஜெயித்துவிட்டதால் அந்த வாக்கியத்தின் முதல் பாதி என் காதில் ஏறவில்லை.

ஏறியிருந்தால் 2016-இல் மகனிடம் கொஞ்சம் அடக்கி வாசித்திருப்பேன். இம்முறை நான் ஹிலரி பக்கம். எட்டு வருஷத்தில் அவர் வெளியுறவு அமைச்சராகி, என் கண்ணில் பெரிய மனுஷியாகிவிட்டார். இதை அக்காவிடம் சொன்னபோது அவர் என்னைப் பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவர எனக்குத் திறமையில்லை. மகனுக்கு முதல் ஓட்டு, பிரைமரியில் ஹிலரியை எதிர்த்து நின்ற பெர்னி சான்டர்ஸுக்குப் போட்டான். ஜூலை 22 அன்று கட்சித் தலைமையகத்தின் மின்னஞ்சல்கள் திருடப்பட்டு வெளியாயின. நடுநிலையாக இருக்க வேண்டிய அதிகாரிகள் சான்டர்ஸைப் பற்றி என்ன எழுதியிருந்தார்கள் என்று அவன் படித்துக் காட்டினான். திருட்டு மெயிலையெல்லாம் படிக்காதே என்றேன். இரண்டே நாளில் கட்சித் தலைவி டெபி வாசர்மன் ஷுல்ட்ஸ் பதவி விலகுவதாக அறிவித்தார். நான் என் வாக்கியத்தை வாபஸ் வாங்கவில்லை.

மறுநாள் எங்கள் ஊரிலேயே மாநாடு. அடம்பிடித்த சான்டர்ஸ் ஆதரவாளர்களைப் பார்த்து, நீங்கள் செய்வது கேலிக்கூத்து என்ற பொருளில் நகைச்சுவை நடிகை சாரா சில்வர்மன் மேடையிலிருந்து சொன்னார். அவரும் சான்டர்ஸுக்கு ஓட்டுக் கேட்டவர், அவருக்கு அந்த உரிமை உண்டு. நான் டிவி முன்னால் உட்கார்ந்து கைதட்டினேன். பக்கத்தில் இருந்த மகன் எழுந்து மாடிக்குப் போனான். அடுத்த நாள் சான்டர்ஸே ஹிலரியை வேட்பாளராக முன்மொழிந்தபோது, பார்த்தாயா, உன் தலைவரே வந்துவிட்டார் என்று படிக்கட்டின் கீழே நின்று கத்தினேன்.

நவம்பரில் அவன் பசுமைக் கட்சியின் ஜில் ஸ்டைனுக்குப் போட்டான். பென்சில்வேனியாவில் ஹிலரி தோற்றது சுமார் 44,000 ஓட்டில். ஸ்டைன் வாங்கியது ஏறக்குறைய 50,000. இந்த இரண்டு எண்களையும் வைத்துக்கொண்டு அவனைப் பல மாதம் குத்தினேன். ஸ்டைனுக்குப் போட்டவர்கள் எல்லோரும் ஹிலரிக்குப் போட்டிருப்பார்கள் என்பதற்கு ஆதாரமில்லை என்று அறிந்தே குத்தினேன். அந்த 50,000-இல் ஒன்றுக்கு நான் பொறுப்பு என்பதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

சான்டர்ஸ் ஆட்கள் கேட்டதில் ஒன்றைக் கட்சி 2018-இல் கொடுத்தது. பிரைமரி முடிவுக்குக் கட்டுப்படாத தலைவர்களுக்கு மாநாட்டின் முதல் சுற்றில் ஓட்டில்லை என்று விதியை மாற்றியது. 2020 பிரைமரியில் ஜெயித்த பைடன் சான்டர்ஸ் ஆட்களையும் சேர்த்துக் கொள்கைக் குழுக்கள் போட்டார். நான் கொடுக்க மறுத்ததையெல்லாம் பார்த்துப் பார்த்துக் கொடுத்தது போல இருந்தது.

அந்த வருஷம் தொண்டர் வேலைக்கு, சான்டர்ஸ் ஆதரவாளர்களை அழைத்துப் பேசச் சொல்லி ஒரு பட்டியல் வீட்டுக்கு வந்தது. அதை மனைவியிடம் தள்ளிவிட்டேன். அவள் பேச்சில் பாதி ‘ம்’ கொட்டுவதுதான், ஒரு அழைப்பு அரைமணி நேரம்கூடப் போகும். நான் அடுத்த அறையில் உட்கார்ந்து, தபால் ஓட்டு போடுகிறவர்களுக்குச் சீட்டை முதலில் உள் உறையில் வைத்து, பிறகு வெளி உறையில் போட்டுக் கையெழுத்திட வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். உள் உறை இல்லாவிட்டால் பென்சில்வேனியாவில் ஓட்டு செல்லாது. யார் மனத்தையும் புண்படுத்தாமல் நான் பேசக்கூடிய விஷயம் அது.