மேசை எப்போது துடைத்து முடிகிறது?

திரையின் இடப்பக்கம் ஒரு வீடியோ ஓடுகிறது. யாரோ தலையில் கேமராவை மாட்டிக்கொண்டு எடுத்தது. முகம் தெரியாது, கைகள் மட்டும்தான். அவை சாப்பாட்டு மேசையைத் துடைக்கின்றன. நடுவில் வண்ணக் கட்டங்கள்: ‘நட – மேசை 1’, ‘எடு – துணி 2’, ‘துடை – மேசை 1’. வலப்பக்கம் அந்த வீட்டுப் பொருள்களின் பட்டியல். கரூரில், ஒரு காலத்தில் ஏற்றுமதிக்குத் துண்டும் படுக்கை விரிப்பும் மடித்துப் பெட்டி கட்டிய மாடியில், இப்போது பெண்கள் இந்தக் கட்டங்களை அடுக்குகிறார்கள். வீட்டு வேலையை ஏஐ ஏஜெண்டுகளுக்குப் புரியும் படிகளாக உடைத்துத் திருத்தும் மென்பொருள் அது. அதற்குத் தமிழில் கையேடு எழுதத்தான் போயிருந்தேன்.

இந்த வகை வேலைக்கு ஒரு முன்னோடி 2018-ல் வந்த ‘வர்ச்சுவல்ஹோம்’ ஆய்வு. எம்.ஐ.டி., டொரன்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதைச் செய்தார்கள். இணையவழிக் கூலியாட்களிடம் அன்றாட வீட்டு வேலைகளைச் சொந்த நடையில் எழுதி வாங்கினார்கள். பிறகு, பிள்ளைகள் புரோகிராம் கற்பதற்காக உருவான ‘ஸ்க்ராட்ச்’ போன்ற கட்டங்களில் அவற்றை அடுக்கச் சொன்னார்கள். அப்படிச் சேர்ந்தவை 2,821 நிரல்கள். 2022-ல் ஸ்டான்ஃபோர்டின் ‘பிஹேவியர்-1கே’ ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போய், ரோபோ எந்த வேலையைச் செய்துதர வேண்டும் என்று 1,461 பேரிடம் கேட்டது. தரை தேய்ப்பது மாதிரியான சுத்தம் செய்யும் வேலைகள்தான் பட்டியலில் முன்னே வந்தன. இதில் யாருக்கும் ஆச்சரியம் இருந்திருக்காது.

மென்பொருள் நிறுவனம் கொடுத்திருந்த ஆங்கிலக் கையேடு பட்டன் பட்டனாக விளக்கியது. எதை அழுத்தினால் கட்டம் நகரும், எதை அழுத்தினால் அழியும் என்பதெல்லாம் அதில் இருந்தது. அதை மேசையில் விரித்து வைத்திருந்தவர்கள் யாருமில்லை. அவர்கள் கையில் இருந்தது ஒரு நீள நோட்டு. எந்த வேலை எதனால் திரும்பி வந்தது என்று முறை வைத்து எழுதியிருக்கிறார்கள். ‘மூணாவது பொருளை எடுக்காதே, கை ரெண்டுதான்.’ ‘ஃப்ரிட்ஜைத் திறக்காம பாலை வெச்சா ரிஜெக்ட்.’ ‘ரெண்டு டம்ளர் இருந்தா நம்பர் பாரு.’ மென்பொருள் ஒவ்வொரு படிக்கும் முன்நிபந்தனை பார்க்கிறது. பொருளின் பக்கத்தில் ஆள் நின்றால்தான் எடுக்க முடியும், கையில் இருந்தால்தான் ஊற்ற முடியும். ஆங்கிலக் கையேட்டில் எங்கோ பின்னிணைப்பில் கிடந்த இந்த விதிகளை நோட்டு ஒவ்வொரு வரியில் முடித்துவிட்டது. அதைப் பார்த்ததும் என் கையேட்டின் முதல் அத்தியாயம் எதுவென்று முடிவாகிவிட்டது.

முன்பு மடிப்புப் பிரிவில் இருந்த ஒரு அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். அதே மேசை வீடியோ. படிகளை அடுக்கிய பின் ‘தொடக்க நிலை’, ‘முடிவு நிலை’ என்று இரண்டு பெட்டிகளை நிரப்ப வேண்டும். தொடக்கத்தில் ‘மேசை 1 – கறை உண்டு’ என்று போட்டார். முடிவில் ‘மேசை 1 – கறை இல்லை’. பச்சை விளக்கு எரிந்தது. மென்பொருளைப் பொறுத்தவரை வேலை சரி.

அவர் விடவில்லை. வீடியோவைப் பின்னால் ஓட்டி, கை துணியை நனைக்கும் இடத்தில் நிறுத்தினார். “காஞ்ச துணி தூசிக்குச் சரிங்க. கறை போகோணும்னா நனைக்கோணுமில்லீங்க?” என்று ‘நனை – துணி 2’ கட்டத்தைத் ‘துடை’க்கு முன்னால் செருகினார். அப்புறம் முடிவு நிலையில் இன்னொரு வரி சேர்த்தார்: ‘துணி 2 – கம்பியில்’.

“வீடியோவில் அது இல்லையே அக்கா?”

“இல்லீங்க, வீடியோ அதுக்குள்ள முடிஞ்சிருச்சு. ஆனா இந்த மெஷினுக்கு மேசை சுத்தமாயிட்டா போதும். ஈரத்துணியை மெத்தை மேல போட்டுட்டுப் போனாலும் பாஸுன்னுதான் காட்டும். நாளைக்கு அந்தத் துணியைத் தொட முடியுங்களா?”

இதைத்தான் நான் தொழில் என்று சொல்வேன். கட்டத்தை இழுத்துப் போட அரை நாளில் யாரும் பழகிக்கொள்ளலாம். ஒரு வேலை எங்கே முடிகிறது என்று தெரிவதற்குத்தான் பல வருடம் வீடு நடத்தியிருக்க வேண்டும். மென்பொருள் எழுதியவர்கள் ‘முடிவு நிலை’ என்ற காலிப் பெட்டியை வைத்தார்கள், அதை நிரப்பும் அறிவு இங்கிருந்து போகிறது. ஆனால் சம்பளச் சீட்டில் இவர்களுக்கு ‘டேட்டா என்ட்ரி’ என்றுதான் பெயர். (அந்தக் காலத்து மடிப்புப் பிரிவிலும் ‘ஹெல்பர்’ என்றே இருந்ததாம்.)

துணி வரி சேர்த்த வேலை மாலையில் திரும்பி வந்தது. காரணம்: ‘வீடியோவில் காணப்படாத நிலை’. சரிபார்ப்பவர் விதிப்படி செய்திருக்கிறார், அவரைக் குறை சொல்ல முடியாது. வீடியோவில் இருப்பதை மட்டும் எழுதினால் தரவு ஒரே சீராக இருக்கும் என்பதும் நியாயம்தான். எனக்கென்னவோ அக்கா பக்கம்தான் சரியென்று படுகிறது. திரும்பி வந்த வேலைக்குக் கூலி இல்லை என்பதால் அவர் அந்த வரியை அழித்துவிட்டு மறுபடி அனுப்பினார். பச்சை விளக்கு எரிந்தது.

கையேட்டில் நோட்டின் வரிகளை முன்னால் வைத்தேன், பட்டன்களைக் கடைசிக்குத் தள்ளினேன். முடிவு நிலை அத்தியாயத்துக்கு மேசையையே எடுத்துக்காட்டாகக் கொடுத்து, கம்பியில் காயும் துணியைக் ‘கூடுதல் நிலை’ என்று சேர்த்தேன். அப்படி ஒரு பெட்டி மென்பொருளில் இன்னும் கிடையாது. வேண்டும் என்று கேட்டு, மூன்று வீடியோக்களின் உதாரணத்தோடு நிறுவனத்துக்குத் தனியாக எழுதி அனுப்பியிருக்கிறேன். உதாரணங்களைத் தேர்ந்தெடுத்தது அந்த அக்காதான்: மேசை, இட்லித் தட்டு, குக்கர் மூடியின் ரப்பர் வளையம்.